போர்க்களத்தை டிஜிட்டல்மயமாக்கும் பணியை ஒருங்கிணைப்பது எப்படி: அமெரிக்கத் தரைப்படையின் அனுபவத்தை வைத்து ஒரு வழிகாட்டி

1991 வளைகுடாப் போரில் களத்தில் உயிரிழந்த அமெரிக்கப் படையினரில் 35 பேர் தங்கள் சொந்தப் படையின் குண்டுகளுக்கே பலியானார்கள். களச் சாவுகளில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இரவிலும் புழுதியிலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வெப்பக் காட்சிக் கருவியில் தெரிந்த புள்ளி தம்முடைய டாங்கியா, எதிரியின் டாங்கியா என்பது குறிபார்த்தவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கணினி, அது தன் இடத்தை அறிய ஒரு ஜிபிஎஸ், அதைப் பிறருக்குச் சொல்ல ஒரு ரேடியோ, எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்க்க ஒரு திரை என்ற எண்ணம் அந்தப் போருக்குப் பின் வேகம் பெற்றது. ஜெனரல் கோர்டன் சல்லிவன் தலைமைத் தளபதியாக இருந்த 1994-ஆம் ஆண்டில், இந்த வேலையை ஒருங்கிணைப்பதற்கென்றே தரைப்படை ஒரு தனி அலுவலகத்தைத் தொடங்கியது.

அத்தகைய ஒருங்கிணைப்புப் பொறுப்பு தம் மேசைக்கு வந்து சேர்ந்துள்ள படை அதிகாரிக்காகவும், பாதுகாப்புத் தளவாட நிறுவனத்தின் திட்ட மேலாளருக்காகவும், இத்துறையைப் படிக்கும் மாணவருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கத் தரைப்படையின் 1994 முதல் 2003 வரையான அனுபவத்திலிருந்து வருகின்றன. அந்தப் படை தன் தோல்விகளைத் தாராளமாகப் பதிவுசெய்து வைத்திருப்பதே அதற்குக் காரணம். தேவையான இடங்களில் பிரிட்டனும் இந்தியாவும் வரும்.

இலக்கை அளக்கும்படி எழுதுங்கள்

அலுவலகத்துக்கு இடம் கேட்பதற்கு முன்பு, இந்த முயற்சி முடியும்போது எது மாறியிருக்கும் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். "தாக்கும் திறன் கூடும், உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடும், படை நகரும் வேகம் கூடும்" என்று அமெரிக்கத் தரைப்படை தொடக்கத்தில் அறிவித்தது. எவ்வளவு கூடும், எதை வைத்து அளப்பது என்று சொல்லவில்லை. 1995 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, திட்டத்தில் குறிப்பான, அளவிடத்தக்க இலக்குகள் இல்லை என்பதைத் தன் தலைப்பிலேயே சொல்லிவிட்டது. பணம் ஒதுக்குபவர்களிடம் அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல இலக்கு களத்தில் நிற்கும் ஒருவரின் பார்வையிலிருந்து எழுதப்படும். ஒரு பிளாட்டூன் தலைவர் தன் பிற வண்டிகள் இருக்கும் இடத்தை எத்தனை நிமிடத்துக்கு மிகாத பழமையுடன், எத்தனை மீட்டர் பிழைக்குள் காண வேண்டும்? (பிளாட்டூன் ஒரு சிறு பிரிவு; அதற்கு மேலே கம்பெனி, பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன் என்று அளவு பெருகும்.) ஒரு வீரர் எதிரியைக் கண்டு திரையில் குறித்தபின் பீரங்கிப் படையிடம் அந்தக் கோரிக்கை எத்தனை நொடியில் போய்ச் சேர வேண்டும்? பட்டாலியன் தலைமையகத்தின் கூடாரத்தைப் பிரித்து, நகர்த்தி, மீண்டும் இணைப்புக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகலாம்? இப்படி ஐந்தாறு கேள்விகள் போதும். ஆனால் கருவிகள் வருவதற்கு முன்பே, காகித வரைபடத்தையும் குரல் ரேடியோவையும் மட்டும் வைத்து அதே படைப்பிரிவு அதே வேலைகளை எவ்வளவு நேரத்தில் செய்கிறது என்பதை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த முதல் அளவீட்டை எடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் மூன்றாண்டு கழித்து முன்னேற்றம் ஏற்பட்டதா என்று கேட்பவருக்குக் கதைதான் சொல்ல முடியும்.

அலுவலகம் எங்கே அமர வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்

டாங்கியை வாங்குவது ஒரு பிரிவு, ரேடியோவை வாங்குவது மற்றொன்று, பீரங்கிக் கணக்கீட்டு மென்பொருளை எழுதுவிப்பது மூன்றாவது, வரைபடம் தருவது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி ஒப்பந்தம், தனிக் கால அட்டவணை, தன் பதவி உயர்வை அந்த ஒரு திட்டத்தின் மேல் வைத்திருக்கும் ஒரு கர்னல். ஒருங்கிணைப்பு அலுவலகத்தை இவற்றுள் ஒன்றின் கீழ் வைத்தால் மற்றவர்கள் அதைப் போட்டியாளராகவே பார்ப்பார்கள். அமெரிக்கர்கள் அதைத் தரைப்படைத் தலைமையகத்தில், தளபதிக்கும் துணைத் தளபதிக்கும் நேரடியாகப் பதில் சொல்லும்படி வைத்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் திட்டங்களின் பணம் அந்தந்தத் திட்ட அலுவலகங்களிடமே இருந்தது.

பணப்பை கையில் இல்லாதபோது மூன்று அதிகாரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, தொடர்புத் தரநிலையை வகுக்கும் அதிகாரம்: அந்தத் தரநிலைக்கு ஒத்துவராத எந்தக் கருவிக்கும் கொள்முதல் கோப்பு நகரக் கூடாது. இரண்டாவது, பதிப்பை உறையவைக்கும் அதிகாரம்: குறிப்பிட்ட தேதிக்குப் பின் எந்த மென்பொருளிலும் ஒரு வரிகூட மாறக் கூடாது என்று சொல்லவும், மீறினால் அந்தக் கருவியைப் பயிற்சியிலிருந்து விலக்கவும் உரிமை. மூன்றாவது, தளபதிக்கு இடையில் எவரும் திருத்தாத அறிக்கை அனுப்பும் வழி. இவற்றுள் முதல் இரண்டு இல்லாத அலுவலகம் கூட்டம் கூட்டிக் குறிப்பெடுக்கும் அலுவலகமாகவே முடியும்.

ஆட்கள் அதிகம் தேவையில்லை. தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் பிரிவிலிருந்து இருவர், டாங்கிப் படை, காலாட்படை, பீரங்கிப் படையிலிருந்து அண்மையில் களப் பணி முடித்து வந்த தலா ஒருவர், தளவாடப் பராமரிப்பு தெரிந்த ஒரு பழுத்த சுபேதார், ஒப்பந்தச் சட்டம் அறிந்த ஒருவர், மென்பொருள் சோதனையில் தேர்ந்த சிலர் என்று தொடங்கலாம். அந்தப் பழுத்த சுபேதாரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது வண்டிகளைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

கருவிகள் ஒரே மொழி பேச வேண்டும்

அமெரிக்காவின் எம்1ஏ2 டாங்கி 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது அதற்குள்ளேயே வண்டிகளுக்கிடையே தகவல் பரிமாறும் ஒரு டிஜிட்டல் அமைப்பு இருந்தது. ஒரு டாங்கி தன் இடத்தை மற்றொரு டாங்கிக்குச் சொல்ல முடிந்தது, அது பெரிய முன்னேற்றமும்கூட. ஆனால் அந்த அமைப்பின் செய்தி வடிவம் அதற்கே உரியது. பக்கத்தில் வரும் காலாட்படை வண்டிக்கும் பின்னால் நிற்கும் பீரங்கிக்கும் அது புரியவில்லை. டாங்கித் திட்டம் தனக்கு இடப்பட்ட வேலையைச் சரியாகவே செய்திருந்தது. மற்ற திட்டங்களும் அப்படித்தான். அவை சந்திக்கும் இடத்துக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை, உங்கள் அலுவலகம் இருப்பதே அந்த இடத்துக்காக.

தரைப்படை இதற்குத் தந்த விடை நன்றாகவே அமைந்தது. இருக்கிற வணிகத் தரநிலைகளையும் படைத் தரநிலைகளையும் தொகுத்து, எந்தப் பரிமாற்ற நெறி, எந்தச் செய்தி வடிவம், எந்த வரைபடக் குறியீடு என்று முடிவுசெய்து ஒரே தொழில்நுட்பக் கட்டமைப்பு ஆவணமாக வெளியிட்டார்கள். 1996-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முப்படைகளுக்கும் பொதுவான ஆவணத்தை உருவாக்கியபோது அதற்கு இதுவே அடித்தளமாக அமைந்தது. ஆயினும் ஒரு தையல் விட்டுப்போனது. பிரிகேடுக்குக் கீழே உள்ள வண்டிகள் சுருக்கமான பிட் வடிவச் செய்திகளைப் பயன்படுத்தின, மேலே உள்ள தலைமையகக் கணினிகள் எழுத்து வடிவச் செய்திகளைப் பயன்படுத்தின. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது, அந்த இடத்தில் செய்திகள் தொலைந்தன அல்லது சிதைந்தன. தரநிலையை எழுதும்போது எந்த மட்டத்தில் எந்த வடிவம் மாறுகிறது என்பதைப் படமாக வரைந்து, ஒவ்வொரு மாற்றப் புள்ளிக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரை எழுதி வையுங்கள்.

வரைபடத்தின் அடித்தள அளவீட்டையும் இதே மூச்சில் முடிவுசெய்ய வேண்டும். ஜிபிஎஸ் கருவி டபிள்யூஜிஎஸ்-84 என்ற புவி மாதிரியைக் கொண்டு இடத்தைச் சொல்கிறது. இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பழைய மாதிரியில் அமைந்தவை. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் தாளில் அப்படியே குறித்தால் புள்ளி கணிசமான தூரம் விலகி விழும். பீரங்கிக்கு அந்த விலகல் போதும், ஒரு குன்றுக்குப் பதிலாக ஓர் ஊரைத் தாக்கிவிட.

வண்டிகளை எண்ணுங்கள், பிறகு தொட்டுப் பாருங்கள்

திட்டத்தின் பெரும்பகுதி நேரம் செலவாவது மென்பொருளில் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வண்டிக்குள் கருவியைப் பொருத்துவதே ஆளை விழுங்கும் வேலை. பிரிட்டிஷ் படையின் போமன் திட்டம் இதற்குச் சரியான பாடம். பழைய கிளான்ஸ்மன் ரேடியோக்களுக்குப் பதிலாகப் புதிய டிஜிட்டல் ரேடியோக்களைக் கொண்டுவர நினைத்த அந்தத் திட்டம் முதல் ஒப்பந்தக் கூட்டணியை 2000-இல் இழந்தது, 2001-இல் வேறு நிறுவனத்துக்குப் போனது, 2004-இல்தான் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வண்டிகளில் அதைப் பொருத்த முனைந்தபோது, காகிதத்தில் ஒரே ரகமாக இருந்த லேண்ட் ரோவர்கள் உள்ளே ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பது தெரியவந்தது. ஆண்டாண்டாக ஒவ்வொரு படைப்பிரிவும் தன் வசதிக்கு அலமாரி அடித்திருந்தது, ஓட்டை போட்டிருந்தது, ஒயர் இழுத்திருந்தது. ஒரு மாதிரி வண்டியை அளந்து செய்த ரேடியோப் பொருத்துச் சட்டங்கள் அடுத்த வண்டியில் பொருந்தவில்லை. போமன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பிரித்து, "ஒரு வரைபடமும் நோக்கியா போனும் இருந்தால் இதைவிட மேல்" என்று பொருள் வரும்படி வீரர்கள் கேலி செய்தது இந்தக் காலத்தில்தான்.

ஆகவே பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்க்கும் ஒரு கணக்கெடுப்பை முதல் ஆண்டிலேயே நடத்துங்கள். அந்தச் சுபேதாரின் வேலை இங்கே தொடங்குகிறது. அவர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. திரையை எங்கே வைத்தால் வண்டித் தலைவர் தலையைத் திருப்பாமல் பார்க்க முடியும், அதே நேரத்தில் மேல்மூடி வழியே அவசரமாக வெளியேறும்போது அது முழங்காலில் இடிக்காது? எஞ்சின் அணைந்திருக்கும்போது கணினியும் ரேடியோவும் பேட்டரியை எத்தனை மணி நேரத்தில் தீர்த்துவிடும்? கோடை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் கணினி எவ்வளவு சூட்டைத் தாங்கும்? ரேடியோ ஆண்டெனாக்கள் இரண்டு அருகருகே நின்றால் ஒன்றின் ஒலிபரப்பு மற்றொன்றின் காதை அடைக்குமா? கையுறை போட்ட விரலால் அந்தப் பொத்தானை அழுத்த முடியுமா? ஆவடியில் உருவாகும் டி-90 டாங்கியின் கோபுரத்துக்குள் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவருக்கு இந்தக் கேள்விகளை விளக்கத் தேவையில்லை: அங்கே ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்கு இடம் தேடவே யோசிக்க வேண்டும்.

கருவியைப் புதிய வண்டிக்குள் உற்பத்தியின்போதே பதிப்பதா, பழைய வண்டியின் மேல் ஒட்டுவதா என்ற கேள்விக்கு அமெரிக்கர்கள் இரண்டையும் செய்தார்கள். ஒட்டுவகைக் கணினிக்கு அவர்கள் வைத்த பெயரே தையற்கலையில் துணி மேல் துணி வைத்துத் தைப்பதைக் குறிக்கும் "அப்ளிக்" என்ற சொல். மென்பொருள் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்வரை இந்த இரட்டைப் பாதையில் தவறில்லை.

எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்துங்கள்

அமெரிக்கத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் தளத்தில் அமைக்கப்பட்ட மையத் தொழில்நுட்ப உதவிக் கூடம். சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 4-ஆவது காலாட்படை டிவிஷன் இருந்த அதே தளத்தில், வெவ்வேறு ஒப்பந்த நிறுவனங்களின் மென்பொருள் எழுதுபவர்களையும், அரசுச் சோதனையாளர்களையும், சீருடை அணிந்த பயனாளர்களையும் ஒரே கட்டடத்தில் உட்காரவைத்தார்கள். டாங்கித் தளவாடக் கணக்கு மென்பொருள் அனுப்பிய செய்தியை வரைபட மென்பொருள் ஏற்கவில்லை என்றால், முன்பு அது இரண்டு நிறுவனங்களுக்கிடையே வழக்கறிஞர் வழியாக நடக்கும் கடிதப் போக்குவரத்தாக இருந்தது. கூடம் வந்தபின் இரண்டு பொறியாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரே திரையைப் பார்க்கும் வேலையானது. காலையில் பயிற்சித் திடலில் ஒரு சார்ஜென்ட் கண்ட கோளாறு மாலையில் அதை எழுதியவரின் மேசைக்கே வந்தது.

இதை நீங்கள் நடத்தும்போது ஒப்பந்தத்திலேயே இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் முடிவெடுக்கும் தகுதியுள்ள பொறியாளரை அந்தக் கூடத்தில் நிரந்தரமாக அமர்த்த வேண்டும் என்பது ஒன்று. அந்தக் கூடத்தின் சான்று பெறாத எந்தப் பதிப்பும் படைப்பிரிவின் வண்டிகளில் ஏற்றப்படாது என்பது மற்றொன்று. இரண்டாவது வாக்கியத்தை எல்லோரும் எதிர்ப்பார்கள். பயிற்சிக்கு முந்தைய வாரத்தில் "சின்னத் திருத்தம்தான்" என்று பென்டிரைவுடன் வரும் ஆளை வாசலிலேயே நிறுத்தும் வாக்கியம் அதுதான் என்பதால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரிய சோதனையை எப்படி நடத்துவது, எப்படிப் படிப்பது

1997 மார்ச்சில் 4-ஆவது டிவிஷனின் ஒரு பிரிகேடு கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் உள்ள தேசியப் பயிற்சி மையத்தில், ஏறத்தாழ 900 வண்டிகளில் டிஜிட்டல் கருவிகளுடன், அங்கே நிரந்தரமாக இருக்கும் எதிரணிப் படையை எதிர்கொண்டது. அந்த எதிரணி அந்த மண்ணின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தது. வந்திருந்த பிரிகேடோ 70-க்கும் மேற்பட்ட புதிய கருவிகளையும் முறைகளையும் ஒரே நேரத்தில் முயன்றுகொண்டிருந்தது. விளைவு: வண்டிக் கணினிகளின் வழியே அனுப்பிய கட்டளைச் செய்திகளில் பத்துக்கு மூன்றுகூட உரியவரைச் சென்றடையவில்லை. தாக்கும் திறன் கூடியதற்கும் உயிரிழப்பு குறைந்ததற்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

அதே பயிற்சியில் தங்கள் தோழர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் திரையில் பார்க்க முடிந்ததை வீரர்கள் விரும்பினார்கள். அனுப்பும் செய்திகளைவிட, தானாகவே சென்றுகொண்டிருந்த இடக் குறியீடுகள்தான் பயன் தந்தன. சோதனையின் முக்கியச் செய்தி இதுதான். சராசரி வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. எனவே அறிக்கையைச் செய்தி வகைவாரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: இடக் குறியீடு, எதிரியைக் கண்ட தகவல், பீரங்கிக் கோரிக்கை, கட்டளை, எரிபொருள், குண்டுகள் ஆகியவற்றின் கணக்கு என்று தனித்தனியாக. எது வேலை செய்கிறதோ அதை முதலில் பரப்பலாம், மற்றவை கூடத்தில் காத்திருக்கட்டும்.

எழுபது புதுமைகளை ஒரே பயிற்சியில் திணித்ததையும் தவறு என்றே சொல்ல வேண்டும். ஏதேனும் ஒன்று தோற்றால் எதனால் தோற்றது என்பதைப் பிரித்தறியவே முடியாது. ஒரு பயிற்சிக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆண்டு நிதி முடிவதற்குள் தன் கருவியையும் களத்தில் காட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு திட்டமும் நெருக்கும். பதிப்பை உறையவைக்கும் அதிகாரம் அப்போது கைகொடுக்கும்.

குறுகிய குழாய்

வீட்டில் இணைய வேகத்துக்குப் பழகியவர்களுக்குப் போர்க்கள ரேடியோவின் சுமப்புத் திறன் வியப்பாக இருக்கும். அன்றைய வண்டி ரேடியோக்கள் நொடிக்குச் சில ஆயிரம் பிட் முதல் சில பத்தாயிரம் பிட் வரையே சுமந்தன, அதையும் பல வண்டிகள் பங்கிட்டுக்கொண்டன. மலைக்குப் பின்னால் போனால் அதுவும் இல்லை. எந்தச் செய்தி முதலில் போகும், எது காத்திருக்கும், எது பழசானால் தூக்கி எறியப்படும் என்ற வரிசையைப் படைத்தலைவர்களே முடிவுசெய்து எழுதித் தர வேண்டும். அதைப் பொறியாளரிடம் விட்டால் அவர் எல்லாவற்றையும் சமமாக நடத்துவார். தலைமையகத்தில் படக் காட்சியுடன் தினசரி விளக்கக் கூட்டம் நடத்தும் ஆசையைக் கட்டுப்படுத்துவதும் இதில் அடங்கும், ஏனெனில் அந்த ஒரு கோப்பு போய்ச் சேரும் நேரத்தில் ஆயிரக்கணக்கான இடக் குறியீடுகள் போயிருக்கலாம்.

யாருக்கு முதலில் தருவது

இந்தக் கேள்விக்கு 2003 ஈராக் போர் தந்த விடையைப் போல் தெளிவான ஒன்று பின்னர் கிடைக்கவில்லை. பல ஆண்டுச் செலவில் முழுமையாக டிஜிட்டல்மயமான 4-ஆவது டிவிஷன் துருக்கி வழியாக வடக்கிலிருந்து ஈராக்குக்குள் நுழைவதாக இருந்தது. மார்ச் 1-ஆம் தேதி துருக்கி நாடாளுமன்றம் அனுமதி மறுத்தது. அந்த டிவிஷனின் கருவிகள் கப்பல்களில் கடலிலேயே காத்திருந்து, பின்னர் குவைத்துக்குத் திருப்பப்பட்டன. போரின் முதல் வாரங்களில் முன்னே சென்றது 3-ஆவது காலாட்படை டிவிஷன். போருக்குச் சில மாதங்களுக்கு முன்பு அவசரமாக முடிவெடுத்து, பால்கன் பகுதியில் முன்பே பயன்பட்ட ஒரு செயற்கைக்கோள் வழி இடக் குறியீட்டு அமைப்பை அந்த டிவிஷன் உட்படப் பல படைப்பிரிவுகளின் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளில் பொருத்தினார்கள். பெரும்பாலும் ஒரு கம்பெனிக்குத் தலைவர் வண்டி உட்பட ஒன்றிரண்டு கருவிகள்தான். தரை ரேடியோக்களை நம்பாமல் செயற்கைக்கோளை நம்பியதால் தூரமும் மலையும் பொருட்டாகவில்லை. மார்ச் இறுதியில் பல நாள் நீடித்த மணற்புயலில் முன்னே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோதும், தம்மவர்கள் எங்கே என்பதைத் தளபதிகள் அறிந்திருந்தார்கள்.

ஒரு படைப்பிரிவை ஆழமாக மாற்றுவதைவிட, ஒரே ஒரு பயனுள்ள வேலையைச் செய்யும் எளிய கருவியைப் பல பிரிவுகளில் மெல்லியதாகப் பரப்புவது முதலில் பலன் தரும் என்று நான் நம்புவது இந்த அனுபவத்தால்தான். இந்தியத் தரைப்படையின் அனுபவமும் அதே திசையில் போகிறது. பட்டாலியன் மட்டத்திலும் அதற்குக் கீழும் எல்லாவற்றையும் இணைக்க நினைத்த போர்க்கள மேலாண்மை அமைப்புக்கு 2015-இல் இரண்டு நிறுவனக் கூட்டணிகள் தேர்வு செய்யப்பட்டன. செலவு குறித்த கேள்விகளுக்கிடையே அந்தத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. வான் பாதுகாப்பு ராடார்களையும் துப்பாக்கிகளையும் ஏவுகணைகளையும் ஒரே வலையில் சேர்க்கும் குறுகிய நோக்கத்துடன் 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமான ஆகாஷ்தீர் படைக்கு வந்து சேர்ந்தது. களக் கண்காணிப்பு உணரிகளை இணைக்கும் சஞ்சய் அமைப்பு 2025 ஜனவரியில் கொடியசைத்து அனுப்பப்பட்டது. எல்லையைச் சுருக்கி வரைந்தவை கரை சேர்ந்தன.

மெல்லியதாகப் பரப்புவதிலும் ஒரு பொறி உண்டு: பின்னால் வரும் பராமரிப்புப் பிரிவுகளும் சமையல் வண்டிகளும் பட்டியலின் கடைசியில் போய்விடும். 2003 மார்ச் 23 அன்று 507-ஆவது பராமரிப்புக் கம்பெனியின் 18 வண்டிகள், 33 வீரர்களுடன், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நஸிரியா நகருக்குள் நுழைந்தன. கம்பெனித் தலைவரின் கையில் இருந்தவை ஒரு ஜிபிஎஸ் கருவி, பாதை விவரங்கள் அடங்கிய ஒரு குறுந்தகடு, குறிப்பெழுதிய ஒரு வரைபடம். 11 பேர் இறந்தார்கள். வழி தவறும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் யார் என்று கேட்டுப் பகிர்வுப் பட்டியலைத் தயாரித்தால் பின்வரிசைப் பிரிவுகள் மேலே ஏறிவிடும்.

திரையில் நீலக் குறிகள், அதாவது தம்மவர்கள், தெளிவாகத் தெரிந்தார்கள். சிவப்புக் குறிகள், அதாவது எதிரிகள், அப்படித் தெரியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் பாக்தாதுக்குத் தென்மேற்கே யூப்ரடீஸ் ஆற்றின் மேலுள்ள பாலத்தைப் பிடித்த டாங்கிப் பட்டாலியன், தன்னை நோக்கி வந்த பெரும் எதிர்த்தாக்குதலைப் பற்றி மேலிடத்திலிருந்து போதிய தகவல் பெறவில்லை. தம்மவரின் இடம் வண்டியிலிருந்து தானாக வருகிறது, எதிரியின் இடத்தை ஒருவர் பார்த்து, எழுதி, அனுப்பி, மற்றொருவர் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு ஓட்டங்களையும் தனித்தனி வேலையாகத் திட்டமிட்டு, எதிரித் தகவலுக்கு ஒரு பொறுப்பாளரையும் அவருக்கு ஒரு கால வரம்பையும் விதிக்க வேண்டும்.

பேட்டரி மாற்றியபின் என்ன ஆகும்

2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானின் காந்தஹாருக்கு வடக்கே, அமெரிக்கச் சிறப்புப் படையினருடன் இருந்த வான் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் இலக்கின் இடத்தைத் தன் ஜிபிஎஸ் கருவியில் கணக்கிட்டார். எண்ணை விமானத்துக்குச் சொல்வதற்கு முன் கருவியின் பேட்டரி தீர்ந்தது. புதிய பேட்டரி போட்டதும் கருவி மீண்டும் உயிர்பெற்று ஓர் எண்ணைக் காட்டியது, அவர் அதைச் சொன்னார். அந்தக் கருவி மீண்டும் இயங்கும்போது தான் இருக்கும் இடத்தையே காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2,000 பவுண்டு குண்டு அவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் பல ஆப்கானியரும் உயிரிழந்தார்கள், அருகிலிருந்த, பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீது கர்சாய் காயமடைந்தார்.

கருவி பழுதில்லாமல்தான் இருந்தது. எனவே பயிற்சிப் பாடத்திட்டத்தை எழுதும்போது எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதில் தொடங்காதீர்கள். மின்சாரம் போய் வந்தால், இணைப்பு அறுந்து மீண்டால், செயற்கைக்கோள் மறைந்தால், பக்கத்து வண்டியின் குறி பத்து நிமிடமாக நகராமல் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் தொடங்குங்கள். நின்றுவிட்ட குறி வண்டி நிற்பதைக் காட்டுகிறதா, தகவல் நின்றதைக் காட்டுகிறதா என்பது திரையிலேயே நிற வேறுபாட்டால் தெரிய வேண்டும். இதை மென்பொருளின் தேவைப் பட்டியலில் எழுதுவது உங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. படைவீரர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் இடம் மாறுவதால், பயிற்சி பெற்ற பிரிகேடு அடுத்த ஆண்டே பயிற்சி பெறாத பிரிகேடாகிவிடும். பயிற்றுநர் பணியிடங்களை நிரந்தரமாக ஒதுக்காத திட்டத்துக்குக் கையொப்பம் இடாதீர்கள்.

எதிரி கையில் ஒரு வண்டி சிக்கினால் அதன் திரையில் நம் எல்லோரின் இடமும் தெரியும். தொலைவிலிருந்தே அந்தக் கணினியை வலையிலிருந்து வெட்டவும் அழிக்கவும் யாருக்கு அதிகாரம், இரவு இரண்டு மணிக்கு அவரை எந்த எண்ணில் அழைப்பது என்பதை ஒவ்வொரு தலைமையகத்திலும் சுவரில் ஒட்டிவையுங்கள். செயற்கைக்கோள் வழி அமைப்பும் தரை ரேடியோ வழி அமைப்பும் வெவ்வேறு இரகசியத் தகுதி பெற்றிருந்தால் இரண்டும் நேரடியாகக் கலக்காது. அந்த இணைப்புக்கான ஒப்புதல் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் கோப்பை முதல் நாளே நகர்த்த வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வாங்கும் செலவைத் தனியாகவும், பத்தாண்டுக்கு மென்பொருளைப் புதுப்பிக்கும் செலவைத் தனியாகவும், செயற்கைக்கோள் நேரத்துக்கான கட்டணத்தைத் தனியாகவும் மூன்று வரிகளில் எழுதிக் கேளுங்கள். கடைசி இரண்டும் முதல் வரியில் மறைந்துவிட்டால் மூன்றாம் ஆண்டில் திரைகள் இருக்கும், அவற்றில் குறிகள் இருக்காது.

மாதாந்திர அறிக்கை ஒரு தாளில் அடங்கட்டும். அதில் திட்டங்களின் பெயர்கள் வேண்டாம். எத்தனை வண்டிகள் இன்று காலை வலையில் தெரிந்தன, பட்டியலில் எத்தனை இருக்க வேண்டும், தெரியாதவற்றில் எத்தனை பேட்டரியால், எத்தனை கேபிளால், எத்தனை மென்பொருளால், எத்தனை ஆள் இல்லாமையால் என்று எண்கள் மட்டும் போதும். அந்த எண்களை யாரிடமிருந்தும் கேட்டு வாங்காமல், வலையிலிருந்து நேரடியாக எடுங்கள். அதோடு, மடித்துவைத்த காகித வரைபடமும் ஒரு மெழுகுப் பென்சிலும் ஒவ்வொரு வண்டியின் தளவாடப் பட்டியலிலும் தொடர்ந்து இருக்கின்றனவா, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் இடம் குறிக்கப்படுகிறதா என்பதை ஆய்வுக்குச் செல்லும் அந்தச் சுபேதாரையே பார்த்துவரச் சொல்லுங்கள்.